சுட்டுத் தரும் பெட்டிகள்

இருபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் கணினி வாங்கியவர்களில் எத்தனை பேர் அதற்குள் இருந்த மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருப்பார்கள்? ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கிப் பூட்டிக் கொடுத்த தம்பியின் சிடி உறையிலிருந்து வந்தது. இல்லாவிட்டால் பர்மா பஜாரிலிருந்து. 'சுட்ட சிடி' என்றால் எல்லோருக்கும் புரிந்தது. அனுமதியில்லாமல் நகலெடுத்தது என்று அர்த்தம்.

அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் பல்கலைக்கழகங்களிலும் அறிவியல் மையங்களிலும் ஒரு பெட்டி நின்றுகொண்டிருந்தது. வெற்று சிடியைக் கொண்டுபோய் நுழைத்துத் திரையைத் தொட்டால் மென்பொருளைப் பதிந்து கொடுக்கும். காசு கிடையாது. ரொட்டி சுடும் கருவியின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள்: ஃப்ரீடம் டோஸ்டர். நாவல் மரத்தடியில் அவ்வையிடம் முருகன் கேட்ட கேள்வியை அந்தப் பெட்டியிடம் கேட்டிருந்தால், 'சுட்டதுதான், ஆனால் திருடியதில்லை' என்று பதில் வந்திருக்கும்.

இந்தப் பெட்டியைப் போல, கட்டற்ற மென்பொருளைப் பொது இடத்தில் வைத்து வழங்கும் முயற்சிகள் பல உண்டு. எவை பிழைத்தன, எவை தூசி படிந்து நின்றுபோயின, இனி அப்படி ஒன்றை நம் ஊரில் வைப்பதில் பொருளுண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எதற்காகப் பெட்டி?

தென்னாப்பிரிக்காவில் இந்த யோசனை எழுந்ததற்குக் காரணம் இணையத்தின் விலை. டெல்காம் நிறுவனம் ஏறத்தாழ முற்றுரிமையோடு இருந்தது. 2002-இல் அது ஏடிஎஸ்எல் இணைப்பைக் கொண்டுவந்தபோது மாதத்துக்கு 3 ஜிபி என்று எல்லை கட்டியது. அதையும் வாங்க வசதியற்றவர்கள் 56 கேபிபிஎஸ் மோடத்தோடு மல்லுக்கட்டினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 700 எம்பி கொண்ட ஒரு சிடியை அந்த மோடத்தில் இறக்க, இணைப்பு ஒரு விநாடிகூட அறுபடாமல் முழு வேகத்தில் ஓடினாலும், 28 மணி நேரம் ஆகும். தொலைபேசிக் கட்டணமோ நிமிடக் கணக்கில் ஏறும். 2005-இல் வந்த டெபியன் 3.1 என்ற கட்டற்ற இயங்குதளத்தின் முழுத் தொகுப்பு 14 சிடிகள். ஏடிஎஸ்எல் வைத்திருந்தவருக்கே அது மூன்று மாத ஒதுக்கீடு.

கட்டற்ற மென்பொருளை உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் எழுதி இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 'எவரும்' என்ற அந்தச் சொல்லுக்குள் மோடம் வைத்திருக்கும் கேப் டவுன் மாணவன் இல்லை. இந்த முரணைத்தான் ஷட்டில்வொர்த் அறக்கட்டளை பிடித்துக்கொண்டது. மார்க் ஷட்டில்வொர்த் தாவ்ட்டே நிறுவனத்தை 1999-இல் வெரிசைன் நிறுவனத்துக்கு விற்றுப் பெருஞ்செல்வரானவர். 2002-இல் ரஷ்ய சோயூஸ் கலத்தில் காசு கொடுத்து விண்வெளிக்குப் போய் வந்தவர். 2004 அக்டோபரில் உபுண்டு இயங்குதளத்தின் முதல் வெளியீட்டைத் தந்தவர். அவருடைய அறக்கட்டளை தொடங்கிய டோஸ்டர் திட்டம் பின்னர் பிரெட் சிம்ப்சன் என்பவர் பொறுப்பில் தனி முயற்சியாகத் தொடர்ந்தது.

பெட்டிக்குள் மந்திரம் ஏதுமில்லை. ஒரு சாதாரணக் கணினி, ஒரு தொடுதிரை, பெரிய வன்தட்டு, சில சிடி-டிவிடி எழுதிகள். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களோடு பதிப்புரிமை முடிந்த புத்தகங்கள், இசை, படங்களும் அதில் கிடைத்தன. வேகமான எழுதி ஒரு முழு சிடியைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். 28 மணி நேரம் எங்கே, டீ குடிக்கும் நேரம் எங்கே!

யோசனை புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1985-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தன் ஈமேக்ஸ் நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்குத் தபாலில் அனுப்பினார். இணையம் கிட்டாதவர்களுக்காகவே அந்த ஏற்பாடு. இந்தியாவில் அந்தப் பணியைப் பத்திரிகைகள் செய்தன. பிசிகுவெஸ்ட், லினக்ஸ் ஃபார் யூ இதழ்களோடு வந்த சிடிகளால் லினக்ஸ் கற்ற ஒரு தலைமுறையே இங்கு உண்டு. கடைக்காரர் சிடியை உருவி எடுத்துவிட்டு இதழை மட்டும் நீட்டியது தனிக்கதை. 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் தமிழ் மென்பொருள் சிடி ஒன்றை வெளியிட்டது. தமிழ் எழுத்துருக்கள், தமிழில் ஓப்பன் ஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் அதில் இருந்தன; கேட்டவர்களுக்குத் தபாலில் வந்தது. உபுண்டுவும் ஷிப்-இட் என்ற பெயரில் உலகின் எந்த மூலைக்கும் சிடிகளை இலவசமாக அனுப்பியது. 2011-இல் அதை நிறுத்திக்கொண்டார்கள்.

அப்படி வந்த உறை ஒன்று என் வீட்டுக்கும் வந்தது. ஐந்தாறு வாரம் காத்திருந்து பெற்ற சிடியை அன்றிரவே நிறுவினேன். வன்தட்டை என்ன செய்யலாம் என்று அது கேட்டபோது, கேள்வியைப் பாதி படித்துவிட்டு முதலில் இருந்ததைச் சொடுக்கினேன். அக்காவின் கல்யாணப் படங்கள் அத்தனையும் போயின. சிடியில் ஒரு குறையுமில்லை. பக்கத்தில் விஷயம் தெரிந்த ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். இக்கட்டுரையில் நான் சொல்லப்போவதில் பாதிக்கு அந்த இரவே காரணம்.

பெட்டியின் உடம்பு

பெட்டியைச் செய்வது எளிது, பேணுவதே பாடு. ஒளித்தட்டு எழுதிகள் தூசிக்கு ஆகாதவை. வீட்டில் வாரத்துக்கு ஒரு சிடி எழுதும் கருவி, பொது இடத்தில் நாளைக்கு முப்பது எழுதினால் சீக்கிரமே ஓய்ந்துவிடும். கொண்டுவரும் வெற்று சிடியோ மட்ட ரகமாக இருக்கும். எழுதி முடித்த பின் சரிபார்க்காமல் கொடுத்தால், வீட்டுக்குப் போனவர் பாதி நிறுவலில் மாட்டிக்கொள்வார். அவர் சிடியைக் குறை சொல்லமாட்டார். 'லினக்ஸ் இப்படித்தான்' என்பார்.

அடுத்தது பழசாகிப்போவது. உபுண்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிய வெளியீடு தருகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றாடம் வருகின்றன. பெட்டியில் உள்ள கோப்பு, வைத்த மறுநாளே கொஞ்சம் பழசு. இணையம் இல்லாத இடத்துக்காக வைத்த பெட்டியைப் புதுப்பிக்க எவராவது வன்தட்டைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். இணையம் நன்றாக உள்ள இடத்தில் வைத்தாலோ பெட்டியே தேவையில்லை. இந்தச் சிக்கலுக்கு அழகான தீர்வுகளும் உண்டு. இந்தியரான ரிதேஷ் ராஜ் சராஃப் எழுதிய ஆப்ட்-ஆஃப்லைன் அதிலொன்று. இணையமில்லாத டெபியன் கணினி தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியலை எழுதித் தரும். அதை வேறிடத்துக்குக் கொண்டுபோய் இறக்கி, பென்டிரைவில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கலாம். மளிகைக் கடைச் சீட்டு மாதிரி. பொதுப் பெட்டி இந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு சரக்கைக் கட்டித் தரும் கடையாக இருந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது நம்பிக்கை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்த எவரோ, பதிவிறக்க இணைப்பைத் திருப்பி, பின்கதவு வைத்த கோப்பைத் தரும்படி செய்துவிட்டார்கள். வளர்ப்பவர்களின் சொந்தத் தளத்திலேயே இது நடந்தது என்றால், பேருந்து நிலையத்து ஓரத்தில் நிற்கும் பெட்டியை எவர் திறந்து என்ன மாற்றினார் என்று எப்படித் தெரியும்? கோப்போடு அதன் ஷா-256 சரிபார்ப்பு எண்ணையும், வெளியிட்டவரின் கையொப்பத்தையும் சோதிக்க வழி வேண்டும். அதைப் பெட்டியே சொன்னால் போதாது, களவு போன வீட்டுக்குக் களவாணியே சான்று சொன்ன கதையாகிவிடும். எண்களை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதே எளிய வழி.

பென்டிரைவ் வந்த பிறகு எழுதிகளின் தொல்லை ஒழிந்தது, வேறொன்று வந்தது. கான்ஃபிக்கர் என்ற புழு 2008 முதல் உலகெங்கும் பரவியதில் பென்டிரைவுக்குப் பங்குண்டு. 2014-இல் பென்டிரைவின் உள்நிரலையே மாற்றி, அதை விசைப்பலகைபோல் நடிக்கவைக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். நூறு பேர் தங்கள் பென்டிரைவைச் செருகும் பொதுத்துளை, நூறு பேர் குடிக்கும் ஒற்றைக் குவளைக்குச் சமம். எழுதிய சிடிக்கு இந்தத் தொற்று கிடையாது. பழைய சரக்குக்கு அப்படியொரு பெருமை!

உரிமம் என்ன சொல்கிறது?

இப்படிப் பெட்டி வைக்க நினைப்பவர்கள் பலர் தவறவிடும் இடம் இது. கட்டற்ற மென்பொருளை யாரும் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்பது உண்மை. நிபந்தனை இல்லாமல் அல்ல. லினக்ஸ் கருநிரல் வெளியாகும் குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991-இல் வந்தது. இயங்கும் நிரலைக் கொடுப்பவர் அதன் மூல நிரலையும் கொடுக்கவேண்டும். இல்லையென்றால், கேட்பவருக்குத் தருவதாகக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்துறுதி தரவேண்டும் என்கிறது அது. வணிக நோக்கமில்லாமல் கொடுப்பவர், தனக்கு வந்த எழுத்துறுதியை அப்படியே கடத்திவிடலாம் என்ற சலுகையும் உண்டு.

பெட்டிக்காரர்களுக்கு இன்னும் பொருத்தமான வரியொன்று அதில் உள்ளது. ஓரிடத்தில் வைத்து நகலெடுத்துக்கொள்ள விடுகிறீர்கள் என்றால், மூல நிரலையும் அதே இடத்தில் அதேபோல் நகலெடுத்துக்கொள்ள விட்டாலே போதும். எடுப்பவர் இரண்டையும் எடுக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அதாவது, வன்தட்டில் இன்னொரு பங்கு இடம், திரையில் இன்னொரு பொத்தான். இதைச் செய்தால் சட்டச் சிக்கல் தீரும். அந்தப் பொத்தானை ஆயிரத்தில் ஒருவர் தொட்டால் அதிகம். ஆனால் அந்த ஒருவருக்காகத்தான் இந்த இயக்கம் முழுவதும் நடக்கிறது. மூல நிரல் இல்லாத பெட்டி வெறும் இலவசப் பெட்டி.

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு வசதி. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலை உள்ளதற்கும் ஒரே சொல். ஸ்டால்மன் நாற்பது ஆண்டாக அந்தக் குழப்பத்தை விளக்கிக்கொண்டிருக்கிறார். நாம் 'இலவசம்' என்றும் 'கட்டற்ற' என்றும் பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் பெட்டியின் மேல் எந்தச் சொல்லை எழுதினால் கூட்டம் வரும் என்பது நமக்குத் தெரியும். அரசே 'இலவசம்' என்ற சொல்லைக் கைவிட்டு 'விலையில்லா' என்று எழுதத் தொடங்கியதும் நமக்குத் தெரியும்.

2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். எண்ணிப் பார்த்தால், கட்டற்ற மென்பொருளை மக்கள் கையில் சேர்த்ததில் தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய விநியோகம் நடந்ததில்லை. எந்தப் பெட்டியும் அத்தனை பேருக்குக் கொடுத்திருக்க முடியாது. நான் பேசிய மாணவர்களில் பெரும்பாலோர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. 'அது எதுக்குண்ணே, அதுல கேம் ஓடாதே' என்று ஒரு தம்பி சொன்னான். ஓடும் என்று சொல்ல அவன் பள்ளியில் எவரும் இல்லை.

ஆளில்லாத பெட்டிகளும் ஆளுள்ள மேசைகளும்

பொது இடத்தில் கணினிப் பெட்டி வைத்த அனுபவம் நமக்கு நிறைய உண்டு. 1999-இல் தில்லி கால்காஜியில் சுகதா மித்ரா சுவரில் துளையிட்டு வைத்த கணினி உலகப் புகழ் பெற்றது. பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வார்கள், ஆசிரியர் வேண்டாம் என்ற கருத்து அதிலிருந்து கிளம்பியது. உத்தராகண்டில் அல்மோரா, ஹவால்பாக் பகுதிகளில் வைத்த அதே வகைப் பெட்டிகளைப் பின்னாளில் ஆராய்ந்த பாயல் அரோரா, அவை கைவிடப்பட்டுக் கிடந்ததை 2010-இல் எழுதினார். உரிமையாளர் யாரென்றே தெரியாத பொருளை எவர் துடைத்து வைப்பார்?

நம் மேலூர்க் கதை வேறு மாதிரி. 2001 வாக்கில் சென்னை ஐஐடியின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து, என்-லாக் நிறுவனத்தின் வழியாக, மதுரைக்குப் பக்கத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணையக் கடைகள் திறந்தார்கள். இங்கே ஆள் இருந்தார். கடன் வாங்கி முதல் போட்ட உள்ளூர் இளைஞர். ஆனால் வருமானம் வட்டிக்கே போதவில்லை. பெரும்பாலான கடைகள் சில ஆண்டுகளில் மூடிக்கொண்டன.

புதுச்சேரியில் 1998 முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையங்களில் இன்னொரு வகை ஏற்பாடு. இடத்தை ஊர் கொடுத்தது. நடத்தியவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை அந்தப் பெண்கள் இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலுக்குப் போகும் மீனவர் ஒருவரும் கணினியைத் தொடவில்லை. தொடாமலே பயன் கிடைத்தது. பொது இடக் கணினி பற்றி நான் அறிந்ததில் இதுவே உயர்ந்த மாதிரி. தொடுதிரையை நெருங்கக் கூச்சப்படும் ஒருவருக்கும் மென்பொருளுக்கும் நடுவில் ஒரு மனுஷி நின்றாள்.

தென்னாப்பிரிக்காவிலேயே இதற்குச் சான்றுண்டு. டோஸ்டரை வைத்த அதே அறக்கட்டளை, மேற்கு கேப் மாகாணப் பள்ளிகளில் டக்ஸ்லேப் என்ற பெயரில் லினக்ஸ் ஆய்வகங்களை அமைத்தது. தன்னார்வலர்கள் வார இறுதியில் பள்ளிக்குப் போய்ப் பழைய கணினிகளைக் கேபிள் இழுத்துப் பூட்டினார்கள். ஆசிரியர்களும் கூடவே நின்று கற்றார்கள். கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம், இன்றைய கைட், லினக்ஸை ஆசிரியர் வழியாகவும் பாடத்திட்டம் வழியாகவும் தேர்வு வழியாகவும் கொண்டுபோனது. இன்று அம்மாநிலப் பள்ளிகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அதில் ஓடுகின்றன. பாஸ் லினக்ஸைத் திறக்காத நம் மாணவனுக்கும் கேரள மாணவனுக்கும் இடையில் உள்ள வேறுபாடு அந்த ஆசிரியர்தான், மென்பொருள் அல்ல.

கூபாவின் 'வாராந்தரப் பொதி'யை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. இணையம் அரிதாயிருந்த அந்நாட்டில் வாரந்தோறும் ஏறத்தாழ ஒரு டெராபைட் சரக்கு வன்தட்டில் ஏறி, கைமாறிக் கைமாறி நாடு முழுவதும் போனது. திரைப்படம், தொடர், செயலி, வைரஸ் எதிர்ப்பு நிரலின் புதுப்பிப்பு எல்லாம் உண்டு. பெரும்பாலும் நம் பாஷையில் சுட்டவைதான். அறக்கட்டளை கிடையாது, தொடுதிரை கிடையாது. வீடு வீடாக வன்தட்டைக் கொண்டுவரும் ஆளுக்கு அதில் பிழைப்பு இருந்தது. புதுச்சரக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம் கதவு திறக்காது. டோஸ்டரால் தீர்க்க முடியாத புதுப்பிப்புச் சிக்கலை அந்த ஆளின் வயிறு தீர்த்துவிட்டது.

இனி வேண்டுமா?

2009 ஜூலையில் சீகாம் கடலடிக் கேபிள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் தென்னாப்பிரிக்காவை எட்டியது. இணைய விலை சரிந்தது. டோஸ்டரின் முதல் நியாயம் அத்தோடு தளர்ந்தது. மடிக்கணினிகளிலிருந்து சிடி எழுதியே காணாமல்போனது. இந்தியாவில் 2016-க்குப் பிறகு கைப்பேசித் தரவு மலிந்து, பெட்டியைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது.

அவசரப்பட்டுக் கதையை மூடவேண்டாம். இங்கே பலருடைய ஒரே இணைய இணைப்பு கைப்பேசிதான். அதில் பரவலான திட்டம் நாளைக்கு 1.5 அல்லது 2 ஜிபி. உபுண்டு 24.04-இன் நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கு மேல். நாள் ஒதுக்கீடு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆக விழுகிறது. பழைய மோடத்தின் 56-ஐ நினைவிருக்கிறதா? இருபது ஆண்டில் நாம் எட்டு கேபிபிஎஸ் முன்னேறியிருக்கிறோம்.

தேவையும் திரும்பி வந்துள்ளது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சில்லும் ஓரளவு புதிய செயலியும் கட்டாயம். நன்றாக ஓடும் ஏராளமான கணினிகள் இந்தத் தேர்வில் தேறாது. 2011-க்குப் பின் பள்ளிகளில் கொடுத்த ஆரம்பகால மடிக்கணினிகளும் அவற்றில் சேரும். வீட்டு அலமாரியில் கிடக்கும் அவற்றில் லினக்ஸ் மின்ட் போன்றவை இன்னும் சில ஆண்டு நன்றாக ஓடும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பெட்டி வேண்டாம். தொடுதிரைக்கும் இரும்புக் கூண்டுக்கும் திறப்பு விழாவுக்கும் ஆகும் பணத்தை, மாதம் ஒருநாள் வந்து உட்காரும் ஓர் ஆளின் வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. மேசை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, பொறுப்பான ஒருவர் இருக்கிறார். அந்த மேசையில் ஒரு பழைய கணினி, இரண்டு டெராபைட் வன்தட்டு, நாலைந்து பென்டிரைவ். வன்தட்டில் இரண்டு மூன்று இயங்குதளங்களும் அவற்றின் மூல நிரலும் போதும். இருபது வைத்துக் குழப்பவேண்டாம். லிப்ரே ஆஃபிஸ், தமிழ்த் தட்டச்சுக்கான கருவிகள், கிவிக்ஸ் வழியாக இணையமின்றிப் படிக்கத் தமிழ் விக்கிப்பீடியா. சரிபார்ப்பு எண்கள் அச்சில். வருகிறவரின் பென்டிரைவைச் செருகாமல், சோதித்த பென்டிரைவை இரவல் கொடுத்து வாங்கலாம். இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கும் கலையை நூலகத்தைவிட நன்றாக அறிந்த இடம் ஏது? எல்லாவற்றுக்கும் முன்னால், 'உங்கள் படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டீர்களா?' என்று கேட்க ஒரு மனிதர். அந்தக் கேள்வியை அன்று என்னிடம் எவராவது கேட்டிருந்தால் அக்காவோடு இரண்டு மாதம் பேச்சில்லாமல் இருந்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு அரசாணைக்குக் காத்திருக்கவேண்டாம். லினக்ஸ் தெரிந்தவர் நீங்கள் என்றால், உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகரிடம் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஒரு மேசை கேட்டுப் பாருங்கள். நூலகத்துக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும்.